பச்சை ஒயர்

உறையை உருவிவிட்டுப் பழக்கத்தில் இயந்திரத்தின் தலைமேல் கையை வைத்தவன், வைத்த வேகத்திலேயே இழுத்துக்கொண்டான். தலை வெதுவெதுப்பாக இருந்தது.

ஏழு மாதமாக அந்தப் பஞ்சு மிட்டாய் இயந்திரம் சாமான் அறையில்தான் கிடந்தது, சக்கரம் கழன்ற பொம்மைக் கார்களுக்கும் காற்றிறங்கிய பந்து மூட்டைகளுக்கும் நடுவே. அறையில் பிளக் பாயிண்டே கிடையாது. வேறு யாருக்குத் தெரியாவிட்டாலும் அவனுக்குத் தெரியும்; இந்தக் குழந்தைகள் விளையாட்டுக் கூடம் தொடங்கிய நாளிலிருந்து இங்கே ஓடுகிற ஒவ்வொரு ஒயரும் அவன் கையால் இழுத்தது. மேனேஜரிலிருந்து தரை துடைப்பவர் வரை எல்லோருக்கும் அவன் 'கரண்ட் அண்ணன்'. சுவருக்குப் பின்னால் வெந்நீர்க் குழாய் ஏதாவது போகிறதோ என்று ஒரு கணம் யோசித்தான். போகவில்லை என்பதும் அவனுக்குத்தான் தெரியும்.

மறுபடி தொட்டான். சில்லென்று இருந்தது.

"வயசாகுது," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு இயந்திரத்தைத் தள்ளுவண்டியில் ஏற்றினான்.

காலை எட்டே முக்கால் மணி. கூடத்துக்கு ஜன்னல் கிடையாது. வெளியே வெயில் எப்படிக் கொளுத்தினாலும் உள்ளே விளக்குப் போட்டால்தான் பகல். பாதி விளக்குகளைத்தான் போட்டிருந்தான். சறுக்குமரக் குழாய்கள் வாயைத் திறந்துகொண்டு நின்றன. பந்துக் குளத்தில் ஆயிரக்கணக்கான பிளாஸ்டிக் பந்துகள் அசையாமல் கிடக்க, அவன் வண்டியைத் தள்ளிக்கொண்டு போனபோது மட்டும் ஒரு மூலையில் நாலைந்து பந்துகள், யாரோ அடியில் புரண்டு படுத்ததுபோலக் கலகலத்து அடங்கின. ரப்பர் பாயின் வாசனையும் தரை துடைக்கிற மருந்தின் வாசனையும் கலந்து மூக்கில் ஏறின. அவற்றுக்கு அடியில், மெல்லிசாக, கருகின சர்க்கரை வாசனை.

மேனேஜர் போன் செய்தார்.

"பத்தரைக்கு ரெண்டு ஸ்கூல் பஸ் வருது. அறுபது பிள்ளைங்க. மிட்டாய் உண்டுன்னு சொல்லிட்டேன். எப்படியாவது ஓட்டிக் குடுத்துடு."

"ஏழு மாசமா சும்மா கெடந்த மிஷின் சார். ஹீட்டர் எப்படி இருக்கோ தெரியல."

"அதான் நீ இருக்கியே. எப்படியாவது."

போன தடவையும் இதே வார்த்தையைத்தான் சொன்னார். கரண்ட் அண்ணனும் எப்படியாவது ஓட்டிக் கொடுத்தான்.

கவுண்டருக்குப் பின்னால் சுவரில் கண்ணாடிச் சட்டம் போட்ட ஒரு தாள் மாட்டியிருந்தது. 'இயந்திரத்தை இயக்குவோர் கவனிக்க' என்று தலைப்பு. எழுதிக் கொடுத்தது அவன்தான். ஏழாவது விதி மட்டும் சிவப்பு எழுத்தில்: ஈரத் துணியால் இயந்திரத்தைத் தொடாதீர்கள். ஒருவரின் கவனக்குறைவால் ஒரு உயிரை இழந்திருக்கிறோம். அந்த ஒருவருக்கு அதில் பெயர் இல்லை. பிள்ளைகள் அவளைப் பஞ்சக்கா என்று கூப்பிடுவார்கள்.

மிட்டாய் போடுவதற்குப் புதிதாகச் சேர்ந்திருந்த பெண்மணி ஒன்பது மணிக்கு வந்தாள். நாற்பத்தைந்து வயதிருக்கும். கயிற்றில் கோத்த கண்ணாடி மார்பில் தொங்கியது. முன்பு ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் தைத்துக்கொண்டிருந்தவள்.

"முப்பது வருஷம் மிஷின் மிதிச்சவ நான்," என்றாள் வந்ததும் வராததுமாக. "அது நூலை வாங்கித் தைக்குது, இது நூலைத் துப்புது. அவ்வளவுதானேண்ணா வித்தியாசம்?"

அவன் சிரித்தான். மனித வாய் பேசுகிற சத்தம் கேட்டதே ஆறுதலாக இருந்தது.

"வாங்கம்மா, சொல்லித் தர்றேன். மொதல்ல மேசை ஆடக் கூடாது. இந்தத் தலை நிமிஷத்துக்கு மூவாயிரம் சுத்து சுத்தும், மேசை கோணலா இருந்தா மிஷினே நடக்க ஆரம்பிச்சிடும்." மேசைக்காலுக்கு அட்டை மடித்துக் கொடுத்தான். அலுமினியச் சட்டியை உட்கார வைத்துக் கொக்கிகளை மாட்டினான். "சர்க்கரையை மோட்டார் நின்னிருக்கும்போதுதான் போடணும். தலை நிறையப் போடாதீங்க, கொஞ்சம் காலி விடுங்க. இல்லன்னா உருகின சர்க்கரை சொட்டாத் தெறிக்கும், கண்ணுல பட்டா கண்ணு போச்சு. சட்டிமேல குனிஞ்சு பாக்கவே கூடாது. பிள்ளைங்க ரெண்டு கை தூரம் தள்ளி நிக்கணும். மொதல்ல மோட்டார், அப்புறம் ஹீட்டர். நிறுத்தும்போது மொதல்ல ஹீட்டர், அப்புறம் மோட்டார்."

அவள் ஒவ்வொன்றையும் திருப்பிச் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். பிறகு பிளக்கைக் கையில் எடுத்துத் திருப்பினாள்.

"இதுல மூணு கால் இருக்கே. இந்தப் பெரிய கால் எதுக்கு?"

"அது எர்த். உள்ள பச்சை ஒயர் வரும். மிஷின் உடம்புல கரண்ட் கசிஞ்சா அது வழியா மண்ணுக்குப் போயிடும். தொடுற ஆளுக்கு ஒண்ணும் ஆகாது. கூடவே போர்டுல டிரிப்பர் இருக்கு. கசிவு தெரிஞ்ச உடனே மொத்தமா அணைச்சிடும்."

"அப்ப எனக்கு முன்னாடி இருந்தவங்களுக்கு மட்டும் ஏன் அணைக்கல?"

அவன் கொக்கியை இறுக்குவதுபோலக் குனிந்துகொண்டான். "ஓடுற மிஷினை ஈரத் துணியால தொடச்சா எந்த டிரிப்பர் காப்பாத்தும்? கொஞ்சம் அலட்சியம்மா அவளுக்கு. சொன்னாக் கேக்க மாட்டா."

இயந்திரம் முனகியது.

சுவிட்ச் போடவில்லை. பிளக் அந்த அம்மாளின் கையில் இருந்தது. ஆனாலும் சட்டிக்குள்ளிருந்து, தொண்டையைச் செருமுவதுபோல ஒரு முனகல் எழுந்து அவன் விரல் நுனிகளில் சுர்ரென்று ஏறி முழங்கை வரை வந்து நின்றது. அவன் அவளைப் பார்த்தான். அவளுக்கு எதுவும் கேட்கவில்லை. கண்ணாடியை மாட்டிக்கொண்டு சுவரிலிருந்த தாளைப் படித்துக்கொண்டிருந்தாள்.

"மிஷின் ஓட்டுறவ அப்படிச் செய்வாளான்னுதான் எனக்குப் புரியல," என்றாள், படித்து முடித்துவிட்டு. "பழகின கை தப்பாப் போகாது."

பிளக்கைச் சொருகினார்கள். மோட்டார் சுற்றியது. ஹீட்டர் சுவிட்சைப் போட்டதும் போர்டில் டிக்கென்று டிரிப்பர் விழுந்து, மோட்டார் ஓய்ந்தது. தூக்கிவிட்டான். மறுபடி டிக். சோதனைப் பெட்டியை எடுத்து வைத்துப் பார்த்தான். ஹீட்டருக்குள் சர்க்கரைப் பாகு இறங்கிக் கரண்ட் உடம்புக்குக் கசிகிறது. ஏழு மாதத்துக்கு முன்னால் இருந்த அதே கோளாறு. புது ஹீட்டர் வாங்கி மாட்டினால் ஒரு நாள் வேலை. இங்கே ஒரு மணி நேரம்கூட இல்லை.

"விட்டுடுங்கண்ணா. மிட்டாய் இல்லன்னா பிள்ளைங்க என்ன, அழுதுட்டு சறுக்குல ஏறிக்கும்."

"அதெல்லாம் சரி பண்ணிடலாம். நீங்க கீழ வேன்ல குச்சிக் கட்டு இருக்கும், எடுத்துட்டு வாங்கம்மா."

அவள் போனாள். கண்ணாடிக் கதவு தானாக மூடிக்கொண்டது.

போர்டைத் திறந்து டிரிப்பரைத் தாண்டி நேரடியாக ஒரு லைன் இழுத்தான். கைக்குப் பழகிய வேலை, இரண்டே நிமிஷம். பிறகு பிளக்கைப் பிரித்தான். பச்சை ஒயரும் போய்விட்டால் கசிவு போக இடமில்லாமல் உடம்பிலேயே நின்றுவிடும், ஃபியூஸ் போகாது, மிஷின் சொன்னபடி ஓடும். யாரும் வெறுங்காலோடு ஈரத்தில் நின்று தொடாத வரைக்கும் எதுவும் ஆகாது. அந்த அம்மாளுக்கு ரப்பர் செருப்பு போட்டுக்கொள்ளச் சொல்லலாம்.

பஞ்சக்காவிடமும் அதைத்தான் சொன்னான். மூன்று தடவை வந்து சொன்னாள் அவள். "அண்ணா, சட்டியத் தொட்டா சுர்ருங்குது. பிள்ளைங்க வந்து நிக்கிற எடம்ணா, எனக்குப் பயமா இருக்கு." மூன்று தடவையும் செருப்பைத்தான் சொன்னான்.

நடந்தது என்னவென்று கரண்ட் அண்ணன் ஒருவனுக்குத்தான் தெரியும். கூட்டம் நிறைந்த ஒரு மத்தியானம் அவள் சட்டியைப் பிடித்தபடி விறைத்து, மேசையோடு சரிந்தாள். அவன் ஓடி வந்து மெயினை இறக்கினான். இறக்கிய பிறகும், "யாரும் கிட்ட வராதீங்க! கரண்ட் இருக்கு!" என்று கத்தினான். பயந்துபோய் எல்லோரும் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடினார்கள். அவனுக்கு மூன்று நிமிஷம் கிடைத்தது. அந்த மூன்று நிமிஷத்தில் அவள் நெஞ்சில் கை வைத்து அமுக்கியிருக்கலாம். அவன் பச்சை ஒயரை மாட்டினான். நேரடி லைனை உருவினான். தரை துடைக்கிற வாளியிலிருந்து துணியை எடுத்துப் பிழியாமல் அவள் உள்ளங்கையில் வைத்தான்.

அவள் விரல்கள் அந்தத் துணியை மூடிப் பிடித்தன. கெட்டியாக. கண் திறந்திருந்தது. அவனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது.

அதற்கப்புறம் அவளுடைய கணவன் வந்து, "உங்களுக்கெல்லாம் சிரமம் குடுத்துட்டா," என்று கரண்ட் அண்ணனிடமே கை கூப்பினான்.

இப்போது திருப்புளியைப் பிளக்கின் பச்சை ஒயர்த் திருகில் வைத்தான். திருக வேண்டியிருக்கவில்லை. திருகு ஏற்கனவே தளர்ந்திருந்தது. பச்சை ஒயர் தானாக நழுவி அவன் விரலில் வந்து சுற்றிக்கொண்டது, ஒரு சுற்று, இரண்டு சுற்று, பிள்ளை விரலைப் பிடிப்பதுபோல. கட்டரால் அந்த நுனியை வெட்டி உதறி எறிந்தான். செம்பு நுனிதான், தரையில் வளைந்து கிடந்தது, அவ்வளவுதான். பிளக்கை மூடிச் சொருகிச் சுவிட்சைப் போட்டான்.

இயந்திரம் அழகாக ஓடியது. தேன் கூட்டுக்குள் கேட்பதுபோல ஒரே சீரான ரீங்காரம். ஹீட்டர் சிவந்தது. அவன் மூச்சை விட்டான். அப்போதுதான் சட்டிக்குள் முதல் இழையைப் பார்த்தான்.

சர்க்கரை இன்னும் போடவில்லை. பொட்டலம் பிரிக்காமல் மேசைமேல் இருந்தது. ஆனாலும் சட்டியின் ஓரத்தில் சன்னமாக, சிலந்தி நூலைவிடச் சன்னமாக இளஞ்சிவப்பில் இழைகள் படிந்துகொண்டிருந்தன. மிச்சமிருந்த பழைய பாகாக இருக்கும். இருக்கும்தான். ஒரு இழை மட்டும் சட்டியை விட்டு எழும்பி, காற்றே இல்லாத கூடத்தில் மிதந்து வந்து அவன் கன்னத்தில் ஒட்டியது. துடைத்தான். வாசனை மூக்கருகே வந்தது. கருகின சர்க்கரை. அதற்குள் கருகின வேறொன்று. ஏழு மாதத்துக்கு முன்னால் அந்த மூன்று நிமிஷமும் அவன் சுவாசித்தது.

கதவு திறந்தது. குச்சிக் கட்டோடு அந்த அம்மாள்.

"அட, ஓடுதே! எப்படிண்ணா?"

"சின்ன லூஸ் கனெக்‌ஷன்தான்."

ரீங்காரம் ஒரு படி ஏறியது.

இப்போது அவனுக்கு ஒன்று தெரிய வேண்டியிருந்தது. சட்டியில் கரண்ட் எவ்வளவு நிற்கிறது? சோதனைப் பெட்டி போர்டுக்குப் பக்கத்தில் இருந்தது; பத்தடி நடந்தால் எடுத்து வரலாம். அவன் அந்த அம்மாளின் காலைப் பார்த்தான். விளையாட்டுக் கூடத்து வழக்கப்படி செருப்பை வாசலில் கழற்றிவிட்டு வந்திருந்தாள். தன் காலில் ரப்பர் அடி வைத்த ஷூ இருந்தது. வாய் தானாகச் சொல்லியது:

"சட்டி நேரா இருக்கான்னு கொஞ்சம் புடிச்சுப் பாருங்கம்மா. ஒண்ணும் ஆகாது."

அவள் குச்சிக் கட்டைக் கீழே வைத்தாள். கையை நீட்டினாள்.

வேண்டாம் என்று சொல்ல நேரம் இருந்தது. அவள் விரல்கள் சட்டியை நெருங்க நெருங்க, ஒரு சாண், அரைச் சாண், நேரம் இருந்துகொண்டேதான் இருந்தது. அவன் சொல்லவில்லை.

கை நின்றது.

அந்தரத்தில் நின்றது. சட்டைக் கை மணிக்கட்டுக்கு மேலே சுருங்கி, நான்கு விரல் பதிந்ததுபோல நான்கு பள்ளம் விழுந்தது. அந்த அம்மாளின் முகம் வெளுத்தது.

"யாரோ புடிக்கிறாங்க," என்றாள். பிறகு பிடித்த கைக்கு உடையவளை நேராகப் பார்ப்பதுபோலக் கவுண்டருக்குப் பின்னால் பார்த்தாள். கீழே பார்த்தாள். பிளக்குக்குப் பக்கத்தில் தரையில் கிடந்த பச்சைத் துண்டைப் பார்த்தாள். கடைசியாக அவனைப் பார்த்தாள்.

"அந்தப் பெரிய காலுக்கு வர்ற ஒயர்தானே இது?"

அவன் ஷூ நுனியால் அந்தத் துண்டை மேசைக்கு அடியில் தள்ளினான்.

"பாவி," என்றாள் அவள். சத்தமாகக்கூட இல்லை. மணிக்கட்டு விடுபட்டது. அவனைப் பார்த்தபடியே பின்னோக்கி நடந்து, முதுகு கதவில் இடித்ததும் திரும்பி வெளியே ஓடினாள். கதவுக் கண்ணாடிக்கு அப்பால் அவளுடைய வெறுங்கால்கள் படியில் தடதடவென்று இறங்கின. கதவு மூடியது. பூட்டு விழுகிற சத்தம் கேட்டது. அந்தக் கதவுக்குப் பூட்டுக் கிடையாது.

சுவிட்சை அணைத்தான். இயந்திரத்தின் தலை சுற்றிக்கொண்டிருந்தது.

பிளக்கைப் பிடுங்கினான். தலை சுற்றிக்கொண்டிருந்தது.

"தப்புதான்," என்றான். குரல் அவனுக்கே அசிங்கமாகக் கேட்டது. "நான் சொல்லிடறேன். எல்லார்கிட்டயும் சொல்லிடறேன். தாள்ல எழுதினதை மாத்தி எழுதறேன்."

ரீங்காரம் மட்டும். பாதி எரிந்த விளக்குகளும் ஒவ்வொன்றாக, தூரத்திலிருந்து அவனை நோக்கி அணைந்துகொண்டே வந்தன. கடைசியில் ஹீட்டரின் சிவப்பு வளையம் ஒன்றுதான் மிச்சம்.

அதன் வெளிச்சத்தில் தரையில் கிடந்த கட்டிலிருந்து ஒரு குச்சி நழுவி எழுந்தது. சட்டிக்குள் போனது. ஓரமாக ஒரு சுற்று. இன்னொன்று. மூன்றாவது சுற்றின் முடிவில் நுனியை லேசாகச் சுண்டியது. அந்தச் சுண்டலை அவன் ஆறு வருஷம் பார்த்திருக்கிறான். பிள்ளைகள் கைதட்டுகிற சுண்டல்.

ஓடினான். மூன்று அடி. இழை காலில் மாட்டியது. பிய்த்தான், பிய்ந்தது, எடையே இல்லை. பிய்த்த இடத்தில் பத்து வந்து ஒட்டியது. கழுத்தில். காதில். இமையில். சூடாக இருந்தது. ஒவ்வொரு இழையிலும் அந்தச் சுர். சின்னதாக. கொல்லாத அளவுக்கு. கையை வீசினான். கை உடம்போடு ஒட்டிக்கொண்டது. கத்தினான். திறந்த வாய்க்குள் இனிப்பு வந்து அடைத்தது. கரைந்தது. மறுபடி அடைத்தது.

கூடம் சுற்றுவதாகத் தோன்றியது. சறுக்குமரம் போனது. பந்துக் குளம் போனது. கதவு போனது. மறுபடி சறுக்குமரம். கூடம் நின்ற இடத்திலேயே இருந்தது. சுற்றிக்கொண்டிருந்தது அவன். குதிகால் தரையில் இல்லை. முதுகெலும்பு நெடுக ஏதோ ஒன்று, நேராக, குச்சிபோல, கீழிருந்து மேலே.

ஒரு சுற்று.

இன்னொன்று.

எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. ரீங்காரம் நின்றது. விளக்குகள் எல்லாம் ஒரே சமயத்தில் எரிந்தன. அத்தனையும் இளஞ்சிவப்பாக, மெல்லிய திரைக்கு அப்பால் தெரிந்தன. கதவு திறந்தது. கீச்சுக் குரல்கள் கூடத்தை நிறைத்தன. தூரத்தில் மேனேஜர் சந்தோஷமாக, "தள்ளாதீங்க, வரிசையா நில்லுங்க, எல்லாருக்கும் உண்டு," என்றுகொண்டிருந்தார். குட்டிக் குட்டியான உருவங்கள் அவனுக்கு எதிரே வந்து நின்றன. நான் இங்க இருக்கேன் என்று சொல்ல நாக்கைத் தேடினான். நாக்கு கரைந்துகொண்டிருந்தது.

"ஐயோ, எவ்ளோ பெருசு!" என்றது முதலில் நின்ற குழந்தை.

சின்னக் கை ஒன்று நீண்டது. இடது கன்னத்தில் இரண்டு விரலால் பிடித்துக் கிள்ளி எடுத்தது. வலிக்கவே இல்லை. கன்னம் இருந்த இடத்தில் காற்று பட்டது, பல்வரிசைவரை.

குழந்தை அதை வாயில் போட்டுச் சப்பியது. பிறகு தலையை நிமிர்த்தி, அவனுக்குப் பின்னால், அவனுக்கும் மேலே நின்ற யாரையோ பார்த்துக் கேட்டது.

"அக்கா, இன்னும் கொஞ்சம் எடுத்துக்கவா?"

பின்னாலிருந்து மணிக்கட்டு ஒன்று லேசாகச் சுண்டியது. அவன் மெல்லத் திரும்பினான், அடுத்த குழந்தையின் கைக்கு எட்டும்படி.